கூரைக்கடியில் ஒரு ஃபுட்பால் ஃபைனல்: முதல்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு

ஒரு பேனாவும் சின்ன நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.

நான் இருப்பது அரிசோனாவில், ஃபீனிக்ஸுக்குப் பக்கத்தில் சாண்ட்லரில். ஒரு பல் கிளினிக்கில் பில்லிங் வேலை. அப்பா காரைக்குடியில் அரிசி மண்டியில் கணக்கெழுதியவர். எதைக் கண்டாலும் வரவு, செலவு என்று இரண்டு பத்தி பிரித்து எழுதிப் பார்க்கும் புத்தி எனக்கு அங்கிருந்து வந்தது. விளையாட்டுக்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது. 2010இல் பக்கத்து வீட்டுப் பெரியவரின் மனைவிக்கு முட்டிவலி வந்து படியேற முடியாமல் போயிற்று. உள்ளரங்கில் ஆடும் அமெரிக்க ஃபுட்பாலுக்கு அவர்கள் வாங்கி வைத்திருந்த சீசன் டிக்கெட்டில் ஒன்று சும்மா கிடந்தது. பெரியவர் முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், காசு வீணாவது அவருக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. போனேன்.

முதல் நாள் எனக்குக் கிடைத்தது தலைவலி மட்டும்தான். இரண்டு பக்கமும் மாறி மாறி டச்டவுன் அடிக்கிறார்கள், அதாவது எதிர்முனைக்குப் பந்தைக் கொண்டுபோய் ஆறு புள்ளி எடுக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் ஜனம் எழுந்து நின்று கத்துகிறது. இட்லிக்கடையில் இட்லி வந்ததற்கெல்லாம் கைதட்டுகிற மாதிரி இருந்தது. நோட்டில் புள்ளிகளை எழுதிக்கொண்டே இருந்தேன். அரைமணி நேரத்தில் பக்கம் நிறைந்தது, ஆனால் யார் நன்றாக ஆடுகிறார்கள் என்று தெரியவில்லை. பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, தப்பான பத்தியை நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்றார். அடித்ததை எழுதாதீர்கள், அடிக்க விடாமல் தடுத்ததை எழுதுங்கள்.

இந்தக் குறிப்பு முழுக்க அந்த ஒரு வரியின் விளக்கம்தான்.

மைதானத்தை ஒரு தடவை அளந்துவிடுங்கள்

வெளியில் ஆடும் அமெரிக்க ஃபுட்பால் மைதானம் 100 யார்டு நீளம், 160 அடி அகலம். உள்ளரங்க ஆட்டத்தில், அதாவது அரீனா ஃபுட்பாலில், 50 யார்டு நீளம், 85 அடி அகலம், இரண்டு முனையிலும் டச்டவுன் அடிக்கும் இடமான எண்ட் ஸோன் 8 யார்டு. 50ம் 16ம் சேர்ந்தால் 66 யார்டு, அடியில் 198. ஐஸ் ஹாக்கி ஆடும் தளம் 200 அடிக்கு 85. அளவு எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா? ஹாக்கி தளத்தின் மேல் புல்விரிப்பை உருட்டிப் போட்டால் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். ஹாக்கிக்கு நிற்கும் பக்கச் சுவரில் மெத்தை கட்டிவிட்டால் வேலை முடிந்தது.

இதை யோசித்தவர் ஜிம் ஃபாஸ்டர். 1981 பிப்ரவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் உள்ளரங்கக் கால்பந்து ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கையிலிருந்த பழுப்புக் காகித உறையின் மேலேயே படம் போட்டுவிட்டார். 1986இல் இல்லினாய்ஸ் மாநிலம் ராக்ஃபோர்டில் சோதனை ஆட்டம். அடுத்த வருஷம் நான்கே அணிகளோடு லீக். 1987 ஆகஸ்ட் 1 அன்று பிட்ஸ்பர்க்கில் முதல் இறுதி ஆட்டம், பெயர் அரீனா பவுல். டென்வர் டைனமைட் 45, பிட்ஸ்பர்க் கிளாடியேட்டர்ஸ் 16.

ஒரு பக்கத்துக்கு எட்டுப் பேர். வெளியாட்டத்தில் பதினொன்று. பந்தை உதைத்து எதிரணியைத் தூரத்தில் தள்ளிவிடும் பண்ட் இங்கே கிடையாது. நான்கு முயற்சியில் பத்து யார்டு முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்கு என்ற கணக்கு மட்டும் அதேதான். எனவே நான்காவது முயற்சி வந்தால் இரண்டே வழி: துணிந்து ஆடுவது, இல்லையென்றால் ஃபீல்டு கோலுக்கு, அதாவது கம்பங்களுக்கு நடுவே மூன்று புள்ளிக்கு, உதைப்பது.

அந்த உதையைக் கவனிக்காமல் விடாதீர்கள். வெளியில் கோல்போஸ்ட்டின் அகலம் பதினெட்டரை அடி. இங்கே ஒன்பதே அடி, குறுக்குக் கம்பி 15 அடி உயரத்தில். அந்தச் சந்துக்குள் பந்து போக வேண்டும். போகவில்லை என்றால்தான் வேடிக்கை. கம்பத்தின் இரண்டு பக்கமும் 30 அடி அகலம், 32 அடி உயரத்துக்கு இறுக்கமான வலை தொங்கும். பந்து அதில் பட்டுத் திரும்பி வரும், ஆட்டம் நிற்காது. கீழே ஒருவர் அண்ணாந்தபடி காத்திருப்பார். விழுந்த பந்தைப் பிடித்துக்கொண்டு எதிர்முனைவரை ஓடிவிட்டால், மூன்று புள்ளிக்கு ஆசைப்பட்டவர்கள் ஆறு புள்ளி கொடுத்துவிட்டு நிற்பார்கள். முன்னோக்கி எறிந்த பாஸ் வலையில் பட்டு வந்தாலும், தரையைத் தொடுவதற்குள் யாரும் பிடிக்கலாம். பந்து வலைக்குப் போகும்போது ஜனம் பந்தைப் பார்க்கும், பெரியவர் கீழே நிற்கிறவரைப் பார்ப்பார். நீங்களும் அப்படிப் பாருங்கள். பந்து எங்கே வரப்போகிறது என்பது அவர் கால் நகர்வதிலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு அதிசயம் ட்ராப் கிக். பந்தைத் தரையில் போட்டு அது எழும்பும்போது உதைப்பது. அப்படி அடித்தால் டச்டவுனுக்குப் பிந்தைய உதைக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு புள்ளி, ஃபீல்டு கோலுக்கு மூன்றுக்குப் பதில் நான்கு. அபூர்வமாகத்தான் நடக்கும். நடந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் விவரம் தெரிந்தவர்போல் தலையாட்டிக்கொள்ளுங்கள்.

ஏன் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள்

இடம் குறைவு, அதனால் தடுப்பது சுலபம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் விதிகள் பந்தை எறிகிறவர் பக்கம் சாய்ந்திருக்கின்றன. ஒவ்வொரு முயற்சியும் தொடங்கப் பந்து கைமாறும் அந்த நொடியில் ஒரு ரிசீவர், அதாவது பாஸைப் பிடிக்க ஓடுகிறவர், ஏற்கெனவே முழு ஓட்டத்தில் முன்னால் வந்துகொண்டிருக்கலாம். வெளியாட்டத்தில் அது தப்பு. எதிரே நிற்கும் தடுப்பாளர் நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும், இவரோ ரயில் மாதிரி வந்துவிட்டார். போதாக்குறைக்குத் தடுக்கும் அணியில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் இரண்டு லைன்பேக்கர்களில் 'மேக்' என்பவர்தான் பாய்ந்து போகலாம். 'ஜாக்' என்பவர் ஒரு பெட்டிக்குள் நிற்க வேண்டியவர், தான் நினைத்தபடி பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை நோக்கி ஓட முடியாது. பிறகு எப்படித் தடுப்பது?

ஆகவே டச்டவுன் என்பது இங்கே எதிர்பார்த்த வரவு. தடுப்புதான் எதிர்பாராத செலவு. நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள், அணிக்கு ஒன்று. பந்தைக் கையில் வைத்திருந்தும் ஒரு அணி புள்ளி எடுக்காமல் திரும்பினால் எதிரணியின் பத்தியில் ஒரு கோடு. பாஸைப் பறித்தால் கோடு. வலையில் பட்ட உதை கோடு. டச்டவுனுக்குப் பிந்தைய ஒற்றைப் புள்ளி உதை தவறினால் அரைக் கோடு. இதை நானாகச் சேர்த்துக்கொண்டேன், பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாம் பாதி தொடங்கும்போது யார் பத்தியில் கோடு அதிகமோ அவர்கள் கைதான் ஓங்கியிருக்கும், பலகையில் என்ன எண் எரிந்தாலும் சரி. ஒரு அணி 14 புள்ளி பின்தங்கியிருந்தால் புதிதாக வந்தவர்கள் கவலைப்படுவார்கள். நோட்டு வைத்திருப்பவர், இன்னும் இரண்டு கோடு வேண்டும், அவ்வளவுதான் என்பார்.

ஐந்தாறு ஆட்டத்தில் இந்தப் பழக்கம் வந்துவிடும். ஃபைனலில் போய்ப் பழகலாம் என்று இருக்காதீர்கள். சாதாரண லீக் ஆட்டம் இரண்டையாவது பார்த்துவிட்டுப் போங்கள். டிக்கெட்டும் மலிவு, ஆட்டம் முடிந்தபின் தளத்தில் இறங்கி வீரர்களிடம் கையெழுத்து வாங்குகிற வழக்கமும் உண்டு. நான் பார்க்கத் தொடங்கிய காலத்தில் அவர்களுடைய சம்பளம் ஆட்டத்துக்கு 400 டாலர்தான். மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டிய மனிதர்கள் வியர்வையோடு நின்று குழந்தைகளின் சட்டையில் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தால் ஆட்டத்தின் மேல் வேறு மாதிரி மரியாதை வரும்.

எந்த ஃபைனல், எந்த ஊர்

அரீனா ஃபுட்பால் லீகின் கதை ஏறி இறங்கியது. 2009இல் சீசனே நடக்கவில்லை, 2010இல் திரும்ப வந்தது, 2019 இறுதி ஆட்டத்தோடு கடையை மூடினார்கள். 2024இல் அதே பெயரில் மறுபடி ஒரு முயற்சி. அந்த வருஷ அரீனா பவுல் நியூஜெர்சியில் ஒரு ஷாப்பிங் மாலுக்குள் நடந்தது, நிஜமாகவே. பில்லிங்ஸ் அவுட்லாஸ் 46, ஆல்பனி ஃபயர்பேர்ட்ஸ் 41.

எங்கள் ஊர் அரிசோனா ராட்லர்ஸ் 2017 முதல் ஆடுவது இண்டோர் ஃபுட்பால் லீகில். அங்கே வலை கிடையாது. வலை ஃபாஸ்டரின் காப்புரிமையில் இருந்ததால் மற்ற உள்ளரங்க லீகுகள் அது இல்லாமலே வளர்ந்தன. வலைப்பகுதியை விட்டுவிட்டு மேலே சொன்ன மற்றதை வைத்துக்கொள்ளுங்கள், கோடு போடும் கணக்கு அங்கேயும் பலிக்கிறது. 2018 இறுதி ஆட்டத்தில் அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் 69, சூ ஃபால்ஸ் ஸ்டார்ம் 68. ஒரே ஒரு புள்ளி! என் அரைக் கோடு எவ்வளவு பெறும் என்று பெரியவருக்கு அன்றைக்குக் காட்டினேன்.

ஊர் விஷயத்தில் இரண்டு வகை உண்டு. சில வருஷம் பொது இடத்தில் வைப்பார்கள்: அரீனா பவுல் 2005, 2006இல் லாஸ் வேகஸ், 2007, 2008இல் நியூ ஆர்லியன்ஸ். அந்த மாதிரி என்றால் முன்கூட்டியே டிக்கெட் வாங்கிவிடலாம். மற்ற வருஷங்களில் சீசனில் மேலே நின்ற அணியின் சொந்த ஊரில். அப்போது அரையிறுதி முடிந்த ராத்திரிதான் ஊரே தெரியும், கையில் இருப்பது கொஞ்ச நாள். அரையிறுதியின் கடைசிக் கால்பகுதியில் டிக்கெட் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டே ஆட்டத்தைப் பாருங்கள். சீசன் டிக்கெட்காரர்களுக்கு முதல் வாய்ப்பு போய்விடும். தெரிந்த பெரியவர் ஒருவர் இருப்பது நல்லது.

எங்கே உட்காருவது

முதல் வரிசை வேண்டாம். 2011இல் ஒரு லீக் ஆட்டத்துக்கு ஆசைப்பட்டு வாங்கினேன். சுவர் இடுப்பளவு, அதற்கு அந்தப் பக்கம் ஆட்டம், இந்தப் பக்கம் என் மடி. ஒரு ரிசீவர் சுவரைத் தாண்டி வந்து விழுந்ததில் மடியிலிருந்த நாச்சோஸ் முழுக்க என் பையனின் தலையில். அவனுக்கு அப்போது ஒன்பது வயது, இன்றுவரை அதைத்தான் தன் வாழ்க்கையின் சிறந்த நாள் என்கிறான். ஆனால் அந்த வரிசையிலிருந்து எதிர்முனையில் நடப்பது எதுவும் தெரியாது. எல்லாம் முதுகும் ஹெல்மெட்டும்.

பத்துப் பன்னிரண்டாவது வரிசை, எண்ட் ஸோனுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில் ஒரு மூலைவாக்கு. அதுதான் சரியான இடம். முன்னால் ஓடிவரும் ரிசீவரும் தெரிவார், வலையும் தெரியும். அங்கே பந்து வந்து விழுந்தால் உங்களுக்கே. கூட்டத்துக்குள் போன பந்தைத் திருப்பிக் கேட்கமாட்டார்கள்.

ஆகஸ்ட் மாத ஃபீனிக்ஸில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும். உள்ளே ஏசியில் கை விறைக்கும். ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், வழியில் பார்க்கிறவர்கள் சிரித்தாலும். சைவக்காரர்களுக்கு உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. வறுத்த கடலை, ப்ரெட்ஸல், அந்த நாச்சோஸ். சாப்பிட்டுவிட்டுப் போவது உத்தமம். பை விஷயத்தில் ஒவ்வொரு அரங்கத்துக்கும் ஒரு விதி, போகும் முன் அவர்கள் தளத்தில் பார்த்துவிடுங்கள். நோட்டையும் பேனாவையும் யாரும் தடுத்ததில்லை.

கடைசி ஒரு நிமிடம்

ஒரு கால்பகுதிக்குப் பதினைந்து நிமிடம். கடிகாரம் பெரும்பாலும் நிற்காமல் ஓடும். ஒவ்வொரு பாதியிலும் கடைசி ஒரு நிமிடம் மட்டும் வேறு உலகம். பிடிபடாத பாஸுக்குக் கடிகாரம் நிற்கும். முன்னிலையில் இருக்கும் அணி வெளியாட்டத்தில் செய்வதுபோல் முட்டி போட்டு நேரத்தைக் கழிக்க முடியாது, பந்து முன்னே நகராவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். எனவே அந்த ஒரு நிமிடமும் ஆடியே தீரவேண்டும். இந்தச் சின்ன மைதானத்தில் ஒரு டச்டவுனுக்கு ஐந்து நொடி போதும்.

இதனால் ஒரு விசித்திரம் நடக்கும். கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால் வந்த ஆள் உள்ளே போகாமல் வேண்டுமென்றே உட்கார்ந்துவிடுவார். தடுக்க வேண்டியவர்கள் வழிவிட்டு நிற்பார்கள். முதல்முறை பார்த்தபோது காசு வாங்கிவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம். இப்போது அடித்தால் எதிரிக்கு 30 நொடி மிச்சம் கிடைக்கும், கொஞ்சம் தாமதித்து அடித்தால் 5 நொடிதான் கிடைக்கும். நொடிகள்தான் அங்கே பணம். இந்தக் கட்டத்தில் நோட்டில் மூன்றாவது பத்தி தொடங்குங்கள்: எத்தனை நொடி மீதம், எத்தனை டைம்-அவுட் மீதம், பந்து யாரிடம்.

இதை நான் கற்றுக்கொண்டது 2011 ஆகஸ்ட் 12 அன்று, 24ஆவது அரீனா பவுலில். ராட்லர்ஸ் அந்த சீசனில் 16 வெற்றி, 2 தோல்வி. எனவே ஃபைனல் எங்கள் ஊரிலேயே, நகர மையத்தில், அப்போது யு.எஸ். ஏர்வேஸ் சென்டர் என்று பெயர் வைத்திருந்த அரங்கில். அதே கட்டடத்தில்தான் 1997இல் ராட்லர்ஸ் அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸை 55-33 என்று வீழ்த்திக் கோப்பை வாங்கியது. அன்று தோற்ற குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர். அயோவாவில் ஒரு மளிகைக் கடையில் ராத்திரி அலமாரி அடுக்கிக்கொண்டிருந்தவர். பிறகு வெளியாட்டத்தின் பெரிய கோப்பையான சூப்பர் பவுல் வென்று, கடைசியில் ஃபீனிக்ஸுக்கே வந்து கார்டினல்ஸ் அணிக்கு ஆடி, ஊர் தலையில் வைத்துக் கொண்டாடும் ஆளானார். ஒவ்வொரு தடவை வாசலைக் கடக்கும்போதும் பெரியவர் இந்தக் கதையை எனக்குச் சொல்வார். நானும் முதல் தடவை கேட்பதுபோல் கேட்டுக்கொள்வேன்.

எதிரணி ஜாக்சன்வில் ஷார்க்ஸ், அதற்கு அது இரண்டாவது சீசன்தான். அதன் குவார்ட்டர்பேக் ஏரன் கார்சியாவுக்கு நாற்பது வயது. பையன், அவர் தாத்தாவா என்று கேட்டான். எனக்கு அப்போது நாற்பத்தொன்று.

கடைசி நிமிடத்தில் ராட்லர்ஸ் 70, ஷார்க்ஸ் 67. பந்து ஷார்க்ஸ் கையில். சுற்றிலும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மூன்று புள்ளி வித்தியாசம், ஃபீல்டு கோல் அடித்தால் சமன். ஆனால் அந்த ஒன்பதடி இடைவெளியை நம்பி எவன் உதைப்பான்? எறிவார்கள் என்று பெரியவர் சொன்னார். எறிந்தார் கார்சியா. ஜெரான் ஹார்வி எண்ட் ஸோனில் பிடித்தார். கடிகாரத்தில் நேரம் இல்லை. 73-70.

இரண்டு பக்கமும் சேர்த்து 143 புள்ளி விழுந்த ஆட்டத்தில் ஒரே ஒரு கோடு கூடுதலாக வேண்டியிருந்தது எங்களுக்கு.

சொந்த ஊரில் தோற்ற ஃபைனலிலிருந்து வெளியேறுவதற்கும் ஒரு முறை உண்டு. உடனே எழாதீர்கள். பத்தாயிரம் பேரும் ஒரே கதவை நோக்கிப் போவார்கள், யாரும் பேசமாட்டார்கள், படிக்கட்டில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். கால்மணி நேரம் உட்காருங்கள். எதிரணி கோப்பையைத் தூக்குவதைப் பார்த்துக் கைதட்டிவிட்டுக் கிளம்பினால் லைட் ரயில் காலியாக இருக்கும். நாங்கள் கிழக்குக் கோடியில் மேசாவின் சைக்கமோர் நிலையத்தில் காரை விட்டிருந்தோம். அதுவரை பெரியவர் வாய் திறக்கவில்லை. காரில் ஏறிய பிறகு, நோட்டைக் கொடுங்கள், அந்தத் தவறிய உதைகளைக் காட்டுங்கள் என்றார். அரைக் கோடுகளை விரலால் எண்ணினார்.

அடுத்த மூன்று வருஷமும் ராட்லர்ஸ்தான் கோப்பை வாங்கியது, 2012, 2013, 2014. மூன்றும் வெளியூரில் நடந்தவை, அதனால் டிவியில் பார்த்தோம். அந்த நோட்டுகளும் இருக்கின்றன. 2011 நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னும் 70-67 என்றுதான் இருக்கிறது.